ஒரு கோடும் விழாமல்

— கூரை மேல ஏத்தறதுன்னா என் காடி இந்த எடத்த விட்டு நகராது. இப்பவே சொல்லிட்டேன் ஷாமினி.

— கூரை மேல ஏத்தச் சொல்லி யாருங்க கேட்டா? பின்கதவத் தொறங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான்.

— கயிறு எதுக்கு அப்ப? ரெண்டு சைக்கிளயும் கொண்டாந்து நிறுத்திட்டு, கையில கயித்த வெச்சிக்கிட்டு, கூரையப் பாத்துக்கிட்டு நிக்கிற. எனக்குத் தெரியாதா?

— உள்ள வெச்சா ஆடும். ஆடாமக் கட்டறதுக்குக் கயிறு.

— உள்ளயா? இந்தக் காடிக்குள்ளயா? காடி வாங்கி இன்னும் அந்தப் புது வாசம்கூடப் போவல. அதுக்குள்ள ரெண்டு துருப்புடிச்ச சைக்கிள்.

— நீங்க சொன்னதுதாங்க. போர்ச்சுல ஒண்ணு காடி நிக்கணும், இல்ல சைக்கிள் நிக்கணும், ரெண்டும் நிக்காதுன்னு சொன்னீங்க. அத்தை சைக்கிளோட ஹேண்டல் கதவுல உரசுன அன்னைக்கு. அதத் தூக்கி லோங்காங்குல எறிஞ்சீங்களே, அன்னைக்கு.

— எறியல. ஓரமா வெச்சேன். அதுவா சாஞ்சு உள்ள விழுந்துச்சு.

— சரிங்க. அதுவா விழுந்துச்சு. சாக்கடைச் சேத்துலேருந்து அதத் தூக்குனது நானும் அத்தையும்.

— பழசக் கிண்டாத. எடுத்துட்டுப் போய் ஒழிக்கணும்னு நெனச்சியே, அதுக்காகத்தான் ஒத்துக்கிட்டு நிக்கிறேன். அந்தோனிகிட்ட வேன் இருக்குல்ல? லுக்குட்லேருந்து இங்க வர அவனுக்கு என்ன நோவு?

— வேன் கெமாஸுக்குப் போயிருக்கு. திரும்பி வர நாளாவும். கடைக்குக் கொண்டாந்துரும்மா, எடம் நான் பாத்துக் குடுக்கறேன்னு சொன்னாரு.

— சைக்கிள் கடைக்காரன் வாயில என்ன போச்சு. அவன் காடியா? என் காடி. டயரக் கழுவுனியா?

— கழுவுனேன்.

— கழுவுன லட்சணமா இது? அம்மா சைக்கிளப் பாரு. மட்கார்டுக்கு அடியில தோட்டத்து மண்ணு பூராவும் அப்பிக் கெடக்கு. அந்தச் செம்மண்ணு கார்பெட்ல பட்டா சாவற வரைக்கும் போவாது. பைப்பப் போடு. ம், இன்னும். அந்தப் பக்கம். தண்ணி காடி மேல தெறிக்குது, பாத்து.

— தண்ணி தெறிச்சாலும் தப்பா?

— காயுற தண்ணி வெள்ளத் திட்டா நிக்கும். தொடைக்கறது யாரு, நீயா?

— நீங்கதான். ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்புட்டா வராம, துணிய வெச்சித் தேச்சுக்கிட்டு இருப்பீங்களே.

— என்னா ஒரு மாதிரி பேசற இன்னைக்கு?

— ஒண்ணும் இல்லங்க. ஸ்பானர் இந்தாங்க. முன்சக்கரத்தக் கழட்டுனாத்தான் ரெண்டும் உள்ள அடங்கும். பெடலயும் கழட்டணும். சக்கரத்த விட பெடல்தான் மோசம், பிளாஸ்டிக்க கிழிச்சுப்புடும்னு அந்தோனி அண்ணன் சொன்னாரு.

— குடு இங்க. ஒனக்கு எங்க தெரியப் போவுது. பின் சீட்ட மடக்கு மொதல்ல. மடக்கறப்ப நெகம் படாம மடக்கு.

— மடக்கிட்டேன்.

— இந்தப் பெடலு ஏன் அசைய மாட்டேங்குது? துரு ஏறிப் போச்சு. இதெல்லாம் பழைய இரும்புக்குத்தான் லாயக்கு.

— எடது பக்கத்துப் பெடலு மாத்திச் சுத்தணுங்க. நீங்க இறுக்கறீங்க.

— தெரியும். துரு எவ்வளவு இருக்குன்னு பாத்தேன்.

— சரிங்க.

— இந்தச் சரிங்கவ விடு லா. காலையிலேருந்து சரிங்க சரிங்கன்னு, தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதற கிராணிகிட்டப் பேசற மாதிரி. ம். வந்துருச்சு. இந்தா, புடி, கீழ போட்றாத. அம்மாவோட பழைய சேலை ஏதாச்சும் எடுத்துட்டு வா. கம்பியச் சுத்தணும்.

— சேலை இல்ல.

— இல்லன்னா? அலமாரி பூரா அதுங்கதான அடைச்சிக் கெடக்கும்?

— அலமாரில இல்லங்க. போயிப் பாருங்க வேணும்னா.

— தொவைக்கப் போட்டிருக்கும். சரி விடு, என் கைலி ரெண்டு கிழிஞ்சது இருக்கு, அத எடுத்தா. பேப்பரும் எடுத்தா, செயினுக்கு. செயின் பக்கம் மேலதான் இருக்கணும், தெரிஞ்சிக்க. கீழ இருந்தா கிரீஸு பூராவும் கார்பெட்டுல. ஏய், என்ன போடற அங்க? என்ன போடற?

— சாக்கு. பின்கதவு விளிம்புல பெய்ன்டுல கீறல் விழாம இருக்க.

— உரச் சாக்க எடுத்துப் பெய்ன்டு மேல போடறியே, அறிவு இருக்கா ஒனக்கு? அந்த இழைக்குள்ள உரக் கல்லு இருக்கும். உப்பு மாதிரி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தேச்சா கண்ணாடியில மணலப் போட்டுத் தேச்ச மாதிரி கோடு கோடா விழும். தண்ணி பட்டா கரைஞ்சு பெய்ன்டயே தின்னுரும். எடு. எடுன்னா எடு.

— தோட்டத்துல எல்லாத்துக்கும் இந்தச் சாக்குதான. பாயி தைக்கறாங்க, கோழிக்கூண்டு மூடறாங்க.

— கோழிக்கூண்டும் காடியும் ஒண்ணா? எங்க கெடச்சுது ஒனக்கு இது?

— காடிக்குள்ளதான் இருந்துச்சு. ஸ்பேர் டயருக்குப் பக்கத்துல, நாலா மடிச்சு, ரப்பர் பேண்டு போட்டு. நான் வெக்கல. நீங்கதான் வெச்சிருக்கீங்க.

— ஆமா. வெச்சிருந்தேன்.

— எதுக்குங்க?

— அழுக்குச் சாமான் ஏதாச்சும் ஏத்துனா சீட்டுல போடறதுக்கு.

— அழுக்குச் சாமான்னா?

— அழுக்குச் சாமான்னா அழுக்குச் சாமான்தான். ஒனக்கு எல்லாத்துக்கும் வெளக்கம் வேணும். விளிம்புல கம்பளியப் போடு. சாக்க உள்ள விரி, கார்பெட்டு மேல. அங்க பெய்ன்டு இல்ல, பரவால்ல.

— பெய்ன்டுக்கு ஆகாது. சீட்டுக்கும் கார்பெட்டுக்கும் ஆகும்.

— ஆமா.

— சரிங்க.

— தூக்கு. அந்த முனைய நீ புடி. ஹேண்டலத் திருப்பு, இன்னும் திருப்பு. மெதுவா. கேரியரு கண்ணாடியில இடிக்கும், பாத்து. அப்பா, என்னா கனம் இது. இந்தக் கேரியர் கம்பி இருக்கே, சின்னப் புள்ளையில இதுல உக்காந்து பள்ளிக்கொடம் போனா தொடையெல்லாம் தடிச்சுப் போவும். அழுவேன். அப்பறம் அம்மா சாக்க மடிச்சுப் போடும்.

— ஓ. அப்பவும் சாக்குதானா.

— என்ன?

— ஒண்ணும் இல்ல. அடுத்தத ஏத்துங்க.

— ஒன்னோடத தலைமாத்தி வெக்கணும். அதோட ஹேண்டல் இந்தப் பக்கம் வரணும். நடுவுல கம்பளி. ரெண்டு இரும்பும் ஒண்ணோட ஒண்ணு ஒரசிட்டுப் போவட்டும், எனக்கென்ன. காடியில ஒரசக் கூடாது. கட்டு. அந்தக் கயித்த சீட்டுக்கு அடியில விட்டு எடு. இறுக்கு. ம். கதவ மூடு. அடிச்சி மூடாத. கைய வெச்சி அமுக்கு.

— மூடிருச்சு.

— பாத்தியா? ஒரு கோடு? ஒரு சின்னக் கீறல்? புனிதன் செஞ்சா அப்படித்தான் இருக்கும். நீ செஞ்சிருந்தா இந்நேரம் நான் லுக்குட்ல பெய்ன்டு கடையத் தேடிக்கிட்டு இருப்பேன்.

— ஆமாங்க. நல்லாத்தான் பாத்துக்கறீங்க.

— ஏறு. செருப்பத் தட்டிட்டு ஏறு.

— தட்டிட்டேன்.

— அம்மாவ வாசலப் பூட்டிக்கச் சொல்லு.

— அத்தை வீட்டுல இல்ல. காலையில மொத பஸ்ஸுக்கே போயிருச்சு.

— ஞாயித்துக்கெழம எங்க பஸ்ஸு ஏறுச்சு? கோயிலுக்கா?

— வழியில சொல்றேன். வண்டிய எடுங்க.

— வழியில பேசறதுன்னா மெதுவாப் பேசு. பின்னால சத்தம் வருதான்னு நான் கேக்கணும்.

— அந்த சத்தம் ஒங்களுக்கு நல்லாக் கேக்கும். அத்தை இருமற சத்தம் மட்டும் கேக்காது.

— என்னா இது, ஏறி உக்காந்தவொடனே ஆரம்பிக்கற? இருமல் இப்ப இல்லியே.

— இருக்குங்க. அன்னைக்கு மழையில வந்தது இன்னும் நெஞ்சுலதான் இருக்கு. உரம் போடற வேலையில நனைஞ்சு, மயங்கி விழுந்துச்சே, அன்னைக்கு வந்தது.

— அன்னைக்கு யாரு தூக்கிட்டுப் போனா? வேலை வாங்கற மண்டோரோட மோட்டர் சைக்கிள்லயா போச்சு? நான் போனேன். கொட்டற மழையில. இந்தக் காடிய நான் மழையில எடுத்தது அன்னைக்கு ஒரு நாளுதான், தெரியுமா ஒனக்கு? தோட்டத்து மண்ரோட்டுல, அடி தட்டத் தட்ட ஓட்டிக்கிட்டுப் போயி, போர்டிக்சன் ஆஸ்பத்திரில விட்டேன். முன் சீட்டுல. பின்னால கூட இல்ல, முன் சீட்டுல ஏத்திக்கிட்டுப் போனேன்.

— ஆமா. முன் சீட்டுல. நான் வேலையிலேருந்து நேரா வந்து ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுதான இருந்தேன், அத்தை எறங்குனத.

— அப்பறம் என்ன கொற?

— அத்தை ஒரு கொறயும் சொல்லல. ஒரு வார்த்த சொல்லல. ஒங்ககிட்டயும் சொல்லல, என்கிட்டயும் சொல்லல.

— அதுக்கு இருக்கற அறிவு ஒனக்கு இல்ல. பள்ளம், பள்ளம், புடிச்சிக்க. சே. இந்த ரோட்டப் போட்டவன நிக்க வெச்சி...

— காடி வந்த அன்னைக்கு மாரியம்மன் கோயில்ல பூசை போட்டோம். அத்தை பானெட்டுல சந்தனம் வெச்சுது. ஐயரு மணிய அடிச்சு முடிக்கல, நீங்க கைக்குட்டைய எடுத்துத் தொடைச்சீங்க.

— மஞ்ச கறை புடிக்கும். வெயில்ல காஞ்சா பெய்ன்டுக்குள்ள எறங்கிரும்.

— பத்துப் பேரு நிக்கறப்ப.

— பத்துப் பேரா காடிக்குத் தவணை கட்டறான்? ஒனக்கு ஒண்ணு சொல்லட்டா? நீ டவுன்ல பொறந்தவ. ஒனக்குப் புரியாது. எங்க தோட்டத்து லயத்து வீட்டு வாசல்ல கிராணி காடி ஒண்ணு வந்து நிக்கும். வெள்ளக் காடி. பளபளன்னு மொகம் தெரியும். நான் போய் ஒரு வெரல வெச்சேன். ஒரே ஒரு வெரலு. அந்தாளு எறங்கி வந்து அறைஞ்சான் பாரு, காதுல இன்னும் கேக்குது. அம்மா பக்கத்துலதான் நிக்குது. புள்ள தெரியாம தொட்டுட்டான் சாமி, மன்னிச்சிருங்கன்னு, முந்தானையால அந்த எடத்தத் தொடைச்சுது. அன்னைக்கு நெனச்சேன். நாம வாங்கறப்ப ஒருத்தன் கை வெக்கக் கூடாது.

— ஒருத்தன் கை வெக்கக் கூடாது. சரி. ஒங்கம்மாவுமா?

— வாய மூடு ஷாமினி.

— ஏன்? நீங்க பேசலாம், நான் பேசக் கூடாதா? அறை வாங்குன கோவம் அந்தக் கிராணி மேலதான இருக்கணும். தொடைச்சவங்க மேல ஏன் காட்டறீங்க?

— யாரு காட்டறா? என் அம்மா மேல நான் கோவம் காட்டறேன்னு எவன் சொன்னான்? சொல்லு, எவன்? பெத்தவள வேலைக்குப் போவாதன்னு தலையால அடிச்சுக்கறேன். அது கேக்குதா? காலையில பேரு கூப்புடற பெரட்டுக்கு ஓடுது.

— எப்படி ஓடுது? சைக்கிள் லோங்காங்குல போனப்பறம் எப்படி ஓடுச்சு? நடந்து போச்சுங்க. இருட்டுல. டார்ச் லைட்டப் புடிச்சிக்கிட்டு. நீங்க எழுந்து மொதல்ல காடியச் சுத்திப் பாப்பீங்க, பூனை ஏறுச்சா, எல விழுந்துச்சான்னு. அத்தை கேட்டத் தாண்டிப் போயிருக்கும்.

— கேட்டிருந்தா நான் கொண்டு விட்டிருப்பேன்.

— உரம் போடற துணியோட? ஒங்க காடியிலயா? சொல்லுங்க. கொண்டு விட்டிருப்பீங்களா?

— லுக்குட் வந்துருச்சு. எந்தப் பக்கம் நிறுத்தறது? கடை வாசல்ல மோட்டரா நிக்குது. எவனாச்சும் ஹேண்டல வெச்சி ஒரசிருவான்.

— கடையில இல்லங்க. அந்தச் சந்துல விடுங்க. பின்னால போங்க.

— பின்னால அந்தோனி வீடுதான இருக்கு. பழைய இரும்ப வீட்டுக்குள்ளயா வெப்பான்?

— அவங்கம்மா சூசையம்மாள் இருந்த வீடு. அவங்க தவறிப் போனப்பறம் பூட்டிக் கெடந்துச்சு. இப்ப ஆளு வந்தாச்சு. அந்தப் பப்பாளி மரத்துக்கிட்ட நிறுத்துங்க.

— மரத்துக்குக் கீழ நிறுத்த மாட்டேன். பாலு சொட்டும். இங்க போதும். எறங்கு, யாரு வந்திருக்கான்னு பாத்துக் கூப்புடு, ரெண்டு ஆளு வேணும் எறக்க. நில்லு. ஏய். அது யாரு கதவுகிட்ட? அம்மாவா?

— ஆமா.

— அம்மா? இங்க என்ன பண்ற நீ? கையில என்ன அது, தொடப்பமா? அடுத்தவன் வீட்டக் கூட்டறதுக்கா பஸ் ஏறி வந்த?

— வாப்பா. வெயில்ல நிக்காத. உள்ள வா. தேத்தண்ணி வெச்சிருக்கேன்.

— தேத்தண்ணி இருக்கட்டும். இது யாரு வீடும்மா? ஷாமினி, நீ சொல்லு. உள்ள தெரியுதே, அது நம்ம வீட்டுச் சாமி படம் இல்ல? அந்தப் பாயி? அந்தக் குத்துவெளக்கு?

— நம்ம வீட்டுதுதான். அத்தை சேலையும் இங்கதான் இருக்கு. என் துணியும். ஒரு வாரமா பை பையா பஸ்ல கொண்டாந்தோம். அடுப்பங்கரையில பாதிச் சாமான் இல்ல, நீங்க அதுல சோறு தின்னீங்க. அலமாரி காலி, அதுக்குப் பக்கத்துல படுத்தீங்க. காடியில ஒரு கோடு விழுந்தா இருட்டுல வெரல வெச்சே கண்டுபுடிப்பீங்களே. வீட்டுலேருந்து ரெண்டு பொம்பளைங்க போயிக்கிட்டே இருந்தோம், ஒங்களுக்குத் தெரியல.

— போயிக்கிட்டு இருந்தீங்களா? எங்க?

— இங்கதான். இன்னைக்கு மீதி இருந்தது ரெண்டு சைக்கிள். அத நீங்களே கழட்டி, நீங்களே கட்டி, பத்திரமா கொண்டாந்துட்டீங்க.

— என்ன வெச்சே... என் காடியிலயே... யாரக் கேட்டுச் செஞ்ச இத? இவ பேச்சக் கேட்டுக்கிட்டு நீயும் வந்தியாம்மா? ஊருல என் மொகத்துல துப்ப மாட்டான்? புனிதன் ஆத்தாளும் பொண்டாட்டியும் ஒரே நாள்ல ஓடிட்டாளுங்கன்னு பேச மாட்டான்?

— அவ கூப்புடலப்பா. நான்தான் மொதல்ல அந்தோனிகிட்ட வீடு கேட்டேன். நான் போறேன்னு சொன்னேன். அவ நானும் வரேன்னா.

— நீ கேட்டியா? நீ பெத்த மவன் நான் இருக்கறப்ப, நீ போய் வீடு கேட்டியா?

— இங்கேருந்து தோட்டத்துக்கு சைக்கிள்ல போயிரலாம். அவளுக்கும் வேலை பக்கத்துல. சைக்கிள் நிக்க எடம் இருக்கு. சாமி படம் மாட்ட ஒரு ஆணி இருக்கு. எனக்கு அது போதும்.

— எறக்க மாட்டேன். ஒரு சைக்கிளயும் எறக்க மாட்டேன். அந்தோனிய வரச் சொல்லு, நான் பேசறேன். போர்ச்சுல நிறுத்துங்க, ரெண்டையும் நிறுத்துங்க, நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். காடிய வெளிய வெச்சிக்கறேன். போதுமா? ரோட்டுல வெச்சிக்கறேன்.

— மழயிலயா?

— மழயிலதான். ஷாமினி, நீ குறுக்கப் பேசாத, நான் அம்மாகிட்டப் பேசறேன். அம்மா, என்ன கொற வெச்சேன் நான் ஒனக்கு? நெஞ்சத் தொட்டுச் சொல்லு. ஒன்ன அடிச்சேனா? சோறு போடலியா? அன்னைக்கு விழுந்து கெடந்தப்ப ஓடி வந்து தூக்குனேனா இல்லியா?

— தூக்குனப்பா. யாரு இல்லன்னா. கொற ஒண்ணும் இல்ல.

— அப்பறம் என்ன? வா. தொடப்பத்தக் கீழ போடு. இந்தா, கதவத் தொறந்தாச்சு. ஏறு. வீட்டுக்குப் போலாம். முன் சீட்டுலயே ஒக்காரு.

— ஏறலாம்பா. அன்னைக்கு நீ விரிச்ச சாக்கு சைக்கிளுக்கு அடியில கெடக்கே. நான் எதுமேல ஒக்கார்றது?